அடியா, மீட்டரா? சேலத்திலிருந்து கடலுக்குள் இறங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்துக் கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகியவன் நான். புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது, கற்றது பிற்பாடுதான். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நம் ஊர்க்காரர்கள் சிலரை அழைத்துக்கொண்டு போகிறேன். வேன் ஆத்தூரைத் தாண்டுவதற்குள் கேள்விகள் வந்துவிடும். அவற்றில் பாதி அளவுகளைப் பற்றியவை: பார் என்றால் என்ன, பி.எஸ்.ஐ. என்றால் என்ன, அடியில் சொன்னால் ஆகாதா. வேனில் அவசரமாகச் சொன்ன பதில்கள் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதினேன்.

ஆழத்தை அடியில் சொன்னால் என்ன, மீட்டரில் சொன்னால் என்ன? ஆழம் ஒன்றுதானே?

ஆழம் ஒன்றுதான். கணக்குதான் வேறு.

தரையில் நிற்கும்போது நம்மேல் காற்று ஏறக்குறைய 1 பார் அழுத்துகிறது (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). கடலில் 10 மீட்டர் இறங்கினால் தண்ணீர் இன்னொரு 1 பார் சேர்க்கிறது. ஆக 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. ஆழத்தைப் பத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் போதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அடிக் கணக்கில் அதே ஒரு மடங்கு கூடுவதற்கு 33 அடி இறங்க வேண்டும். 33, 66, 99 என்று 33-ஆம் வாய்ப்பாடு தெரிந்திருந்தால்தான் ஓடும். 70 அடியில் எத்தனை மடங்கு என்று கேட்டால் காகிதம் தேட வேண்டும்.

கரையில் காகிதம் இருக்கிறது. 30 மீட்டர் ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும். அங்கே எளிய கூட்டலே தடுமாறும். கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

ஆனால் ஆழத்தை மனசில் வாங்கிக்கொள்ள அடிதான் நமக்கு நல்லது. புதிதாகக் கற்பவர்களுக்கு எல்லை 18 மீட்டர் என்றால் சிலர் முகத்தில் ஒன்றும் தெரியாது. "அறுபதடிக் கிணறு" என்று சொல்லிப் பாருங்கள், உடனே கண் விரியும். கயிறு எவ்வளவு இறங்கும், மேலே வானம் எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதெல்லாம் நம் ஆட்களுக்குப் பழக்கம். அடுத்த நிலைப் பயிற்சிக்கு எல்லை 30 மீட்டர், அதாவது 100 அடி. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர், அதாவது 130 அடி. இவை ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துபவை அல்ல. 60 அடி என்பது 18.3 மீட்டர். இரண்டு முறைக்காரர்களும் தங்களுக்கு வசதியான முழு எண்ணாக வைத்துக்கொண்டார்கள். ஒரு அடி என்பது சரியாக 0.3048 மீட்டர் என்று 1959-இல்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு சில நாடுகளும் ஒப்புக்கொண்டன.

பார், பி.எஸ்.ஐ. இரண்டும் எதை அளக்கின்றன?

இரண்டும் அழுத்தத்தைத்தான். பங்க்கில் "முப்பது காத்து வைங்க" என்கிறோமே, அந்த முப்பது பி.எஸ்.ஐ. ஒரு சதுர அங்குலத்தில் 30 பவுண்டு தள்ளுகிறது என்று பொருள். அதுவே ஏறக்குறைய 2 பார். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

டைவிங் சிலிண்டரை 200 பார் வரை நிரப்புவார்கள். பி.எஸ்.ஐ.யில் 2,900. உங்கள் வண்டி டயரைப் போல நூறு மடங்கு. அந்தச் சிலிண்டரைப் படகில் கீழே உருளவிடாதீர்கள் என்று நான் சத்தம் போடுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

"எண்பது சிலிண்டர்" என்கிறார்கள், "பன்னிரண்டு லிட்டர்" என்கிறார்கள். எது பெரியது?

குழப்பம் அதிகம் நடக்கும் இடம் இது. இரண்டு முறைகளும் வேறு வேறு பொருளை அளக்கின்றன.

மெட்ரிக் முறையில் சிலிண்டருக்குப் பெயர் அதன் கொள்ளளவு. 12 லிட்டர் சிலிண்டர் என்றால் அதில் 12 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், குடம் மாதிரி. எவ்வளவு காற்று இருக்கிறது என்பது அழுத்தத்தைப் பொறுத்தது: 12 லிட்டரை 200 பாரால் பெருக்கினால் 2,400 லிட்டர் காற்று. அரைவாசி தீர்ந்து 100 பார் காட்டினால் 1,200 லிட்டர். முடிந்தது.

அமெரிக்க முறையில், முழு அழுத்தத்துக்கு நிரப்பிய சிலிண்டரிலிருந்து எத்தனை கன அடி காற்று கிடைக்குமோ அதுவே அதன் பெயர். "எண்பது" என்ற அலுமினியச் சிலிண்டர் 3,000 பி.எஸ்.ஐ.யில் 80 கன அடி தர வேண்டும். உண்மையில் தருவது 77.4 கன அடிதான். அதன் கொள்ளளவு 11.1 லிட்டர். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், பன்னிரண்டு லிட்டர்தான் சற்றுப் பெரியது.

இப்போது இரண்டு முறையிலும் ஒரே டைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 20 மீட்டர் ஆழம். நிதானமாக மூச்சு விடுபவர் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டரில் 3 பார், எனவே நிமிடத்துக்கு 60 லிட்டர். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் மீதி 150 பார், 12 லிட்டர் சிலிண்டரில் அது 1,800 லிட்டர். அறுபதால் வகுத்தால் 30 நிமிடம். மனக்கணக்கு.

அடிக் கணக்கில் இதையே செய்ய, முதலில் ஒரு பி.எஸ்.ஐ.க்கு எத்தனை கன அடி என்று தெரிய வேண்டும். 77.4-ஐ 3,000-ஆல் வகுத்தால் 0.0258. 750 ஒதுக்கியபின் மீதி 2,250 பி.எஸ்.ஐ., அதை 0.0258-ஆல் பெருக்கினால் 58 கன அடி. அதே 20 லிட்டர் மூச்சு நிமிடத்துக்கு 0.7 கன அடி, 66 அடியில் மூன்று மடங்கு, அதாவது 2.1. வகுத்தால் இருபத்தேழரை நிமிடம் சொச்சம். இது சிறிய சிலிண்டர், அதனால் விடை சற்றுக் குறைகிறது. தவறான முறை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் திறமையான டைவர்கள் இதில்தான் வாழ்கிறார்கள். ஆனால் வேறு மாதிரிச் சிலிண்டர் கையில் வந்ததும் அந்த 0.0258 மாறிவிடும். லிட்டர் கணக்கில் மாறுவது குடத்தின் அளவு மட்டும்.

அளவு மாறியதால் உங்களுக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா?

ஆகியிருக்கிறது. வெளிநாட்டில் ஒரு டைவ் படகு. சிலிண்டரில் மீதியுள்ள அழுத்தத்தைக் காட்டும் கேஜை வாடகைக்குக் கொடுத்தார்கள், அது பி.எஸ்.ஐ.யில் இருந்தது. அதைக் கவனித்தேன், "பரவாயில்லை" என்று இறங்கிவிட்டேன். கீழே வழிகாட்டி "எவ்வளவு காற்று?" என்று சைகையில் கேட்டார். முள் 1,000-இல் நின்றது. பத்து நூறு என்று நினைத்து இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினேன். அவருடைய கேஜ் பாரில். ஒரு விரலுக்குப் பத்து என்ற பழக்கம் அவருக்கு. பத்து விரல் என்றால் 100 பார் என்று எடுத்துக்கொண்டார், இன்னும் நேரமிருக்கிறது என்று பாறையின் மறுபக்கம் கூட்டிப்போனார். என்னிடம் இருந்தது 69 பார்.

படகில் ஏறியபோது முள் 300-இல் இருந்தது, ஏறக்குறைய 20 பார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று நீரோட்டம் கொஞ்சம் எதிர்த்திருந்தாலோ, கூட வந்தவருக்கு என் காற்று தேவைப்பட்டிருந்தாலோ? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் போகவில்லை. இறங்குமுன் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். அதைப் பேசாதது என் தவறும்தான்.

தண்ணீருக்குள் மாற்றிக் கணக்குப் போடலாமா?

வேண்டாம். கரையிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். கேஜ் பி.எஸ்.ஐ.யில்தான் கிடைத்தது என்றால், முக்கியமான எண்களை மட்டும் மாற்றிச் சிலேட்டில் எழுதிக்கொண்டு இறங்குங்கள்: 100 பாருக்கு 1,450, 50 பாருக்கு 725, பாதுகாப்பு நிறுத்தம் (மேலே வருமுன் சற்று நிற்கும் ஆழம்) 5 மீட்டருக்கு 15 அடி, மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு 30 அடி. இதற்குமேல் தேவைப்படாது.

நம் ஊர் லேத்தில் சிலிண்டர் வால்வு மாற்றித் தருவார்களா?

தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். என் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர், அந்தத் தொழில்மேல் எனக்கு மரியாதை அதிகம். அதனால்தான் சொல்கிறேன்.

சிலிண்டர் கழுத்தில் இரண்டு வகை மரை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று மெட்ரிக்: 25 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 2 மில்லிமீட்டர். இன்னொன்று முக்கால் இஞ்ச் மரை. பெயர்தான் முக்கால், வெளிவிட்டம் ஏறக்குறைய 26.4 மில்லிமீட்டர், ஒரு இஞ்சுக்கு 14 மரை, அதாவது மரைக்கு மரை 1.8 மில்லிமீட்டர். சற்றுச் சின்னதான மெட்ரிக் வால்வைப் பெரிய இஞ்ச் கழுத்தில் வைத்துச் சுற்றினால் அது ஏறிவிடும். பிடித்தது போலவே இருக்கும். ஆனால் மரையின் நுனி மட்டுமே கவ்வியிருக்கும். 200 பார் ஏற்றும்போது 25 மில்லிமீட்டர் வட்டத்தின்மேல் ஏறக்குறைய ஒரு டன் தள்ளுகிறது. வால்வு பிய்த்துக்கொண்டு தோட்டா மாதிரி கிளம்பும். அப்பா பட்டறையில் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்: "கையில் சுத்திச்சுன்னு நம்பாத, கேஜ் வெச்சுப் பாரு." மரை கேஜ் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் வித்தியாசம் இது. டைவிங் சிலிண்டர் பரிசோதனை செய்பவர்களிடம் மட்டுமே வால்வு வேலை கொடுங்கள்.

ஒரு சேதி. மெட்ரிக் நாடுகளில் தயாராகும் ரெகுலேட்டர்களிலும் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) ஹோஸ், அதாவது காற்றுக் குழாய், மாட்டும் துளைகள் இஞ்ச் மரைதான், எட்டில் மூன்று இஞ்சும் பதினாறில் ஏழு இஞ்சும். உலகம் முழுக்க ஒன்றாக இருப்பதால் அங்கே ஆபத்தில்லை. இஞ்ச் என்பதால் ஆபத்து வருவதில்லை. இரண்டும் கலந்து கிடக்கும் இடத்தில் வருகிறது.

டைவிங் முடித்த அன்றே ஏற்காடு போகலாமா?

போகக்கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்தபின் மணிக்கணக்கில் மெதுவாக வெளியேறும். அது வெளியேறி முடிவதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், கோலி சோடாவின் குண்டை அழுத்தியது போலக் குமிழிகள் கிளம்பும். மூட்டு வலி, மரத்துப்போதல், நடை தடுமாறுதல், சில நேரம் அதைவிட மோசம். விமானத்தில் ஏறுமுன் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் 18 மணி நேரம், நடுவில் நின்று நின்று ஏற வேண்டிய ஆழமான டைவ் என்றால் அதற்கும் நன்றாகக் கூடுதல். கேபினுக்குள் இருக்கும் காற்று 2,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும் பயணங்களுக்கு இந்த நேரங்கள்.

விமானமா மலையா என்று உடம்புக்குத் தெரியாது. ஏற்காடு ஏறக்குறைய 1,515 மீட்டர், அதாவது 4,970 அடி. சரியாக அந்த வரம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 0.84 பார் அளவுதான். தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், அங்கே பருப்பு வேக வைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

ஒரு தடவை எங்கள் வேனில் ஒரு தம்பி கையில் போனோடு சொன்னார்: "அண்ணா, ரெண்டாயிரத்துக்கு மேலே போனாத்தான் பிரச்சினைன்னு போட்டிருக்கு. ஏற்காடு ஆயிரத்து ஐநூறுதானே?" அவர் படித்த இரண்டாயிரம், அடி. ஏற்காட்டின் ஆயிரத்து ஐநூறு, மீட்டர். 2,000 அடி என்பது வெறும் 610 மீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள்ளேயே தாண்டிவிடும். அன்று ராத்திரி ஏற்காட்டில் அவர்களுக்கு அறை எடுத்து வைத்திருந்தது. போன் போட்டு மறுநாளைக்கு மாற்றினோம், காசு கொஞ்சம் போனது.

என் வழக்கம் இது: புதுச்சேரியில் காலையில் டைவ், சாயங்காலம் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம். நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வீட்டில் தூங்குங்கள். மலைக்கு மறுநாள் மத்தியானத்துக்குமேல் போகலாம், காப்பித் தோட்டம் எங்கும் ஓடிவிடாது. ஏற்காட்டிலேயே வீடு உள்ளவர்கள் ஒரு ராத்திரி சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்காடு ஏரியில் டைவ் செய்ய முடியுமா?

அது படகு சவாரிக்கான ஏரி. ஆனால் கணக்கு சுவாரசியமானது. 300 மீட்டருக்கு மேலுள்ள நீர்நிலை எதுவானாலும் உயரமான இடத்து டைவ் என்றே எடுத்துக்கொள்வார்கள், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற அட்டவணையைத் திருத்த வேண்டும். கடலில் அழுத்தம் இரட்டிப்பாக 10 மீட்டர் வேண்டும். ஏற்காட்டில் 0.84 பாரிலிருந்து தொடங்குவதால் எட்டரை மீட்டர் சொச்சத்திலேயே இரட்டிப்பாகிவிடும்.

மேட்டூர் அணை 120 அடி என்கிறார்களே, அது டைவிங் கணக்கில் எவ்வளவு?

36.6 மீட்டர். 1934-இல் கட்டி முடித்த அணை, அன்றைய அளவுகளே இன்றும் தொடர்கின்றன. நீர்மட்டம் அடியில், நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று, இருப்பு டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). ஒரு கன அடி 28.3 லிட்டர். முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 265 கோடி கன மீட்டர். இந்த எண்ணை வைத்துக்கொண்டு டெல்டா விவசாயி யாரும் நாற்று விட மாட்டார். "நூறு அடியைத் தாண்டிருச்சு" என்றால்தான் அவருக்குப் புரியும். அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். நிறைந்திருக்கும்போது உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதியில்லாமல் கூடாது. கலங்கல், பழைய வலைகள், மதகின் இழுப்பு எல்லாம் இருக்கிற இடம்.

இந்தியா மெட்ரிக் நாடுதானே? பிறகு ஏன் வீட்டில் இன்னும் அடி, இஞ்ச்?

1956-இல் சட்டம் வந்தது, 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆனது, 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் மீட்டரும் படிப்படியாக நுழைந்து 1962-இல் கட்டாயமாகின. வீசையும் படியும் கடையிலிருந்து போய்விட்டன. அமெரிக்கா 1866-இலேயே மெட்ரிக்கைச் சட்டப்படி அனுமதித்தது, 1975-இல் மாறுவதற்கும் சட்டம் போட்டது. ஆனால் விருப்பம் இருந்தால் மாறலாம் என்று விட்டுவிட்டது, மாறவில்லை.

நாம் மாறிய இடத்தில் முழுதாக மாறினோம், மாறாத இடத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டோம். மனை வாங்கப் போனால் சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர். 0-40.50 என்று இருந்தால் அது ஒரு ஏக்கர் சொச்சம். கொத்தனார் சுவரை அடியில் அளப்பார், கம்பியை எட்டு எம்.எம். என்று கேட்பார். ப்ளைவுட் எட்டுக்கு நாலு அடி, கனம் மட்டும் எம்.எம். வெள்ளிக் கொலுசு கிராமில், தங்கம் பவுனில், மல்லிகை முழத்தில். காய்ச்சல் பாரன்ஹீட்டில், ஏ.சி. செல்சியஸில். இதைக் குழப்பம் என்று வெளியூர்க்காரர் சொல்வார். நான் திறமை என்றுதான் சொல்வேன். ஏனென்றால் ஒவ்வொரு இடத்திலும் எண்ணோடு அதன் பெயரும் சேர்ந்தே வருகிறது. பூக்காரம்மா வெறுமனே "ரெண்டு" என்று கொடுப்பதில்லை, "ரெண்டு முழம்" என்கிறார். முழம் போடும் கையும் கண்ணெதிரே இருக்கிறது.

டைவிங்கில் சறுக்குவது அந்தப் பெயர் உதிர்ந்துபோவதால்தான். கீழே பேச முடியாது. விரலுக்கு அலகு கிடையாது.

இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகள்?

கிலோவிலும் இரண்டு பவுண்டிலும் வரும். இரண்டு பவுண்டு 907 கிராம்தான். ஆறு கட்டி போட்டால் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம், தண்ணீரில் நன்றாகவே தெரியும். கட்டியில் பொறித்திருப்பதைப் பாருங்கள்.

வாடகைக் கருவியில் இறங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேஜின் முகப்பில் சிறிய எழுத்தில் பார் அல்லது பி.எஸ்.ஐ. என்று இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் முழுச் சிலிண்டரை மாட்டிப் பாருங்கள்: 200 பக்கம் நின்றால் பார், 3,000 பக்கம் நின்றால் பி.எஸ்.ஐ. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைத் திறந்து ஆழம் மீட்டரிலா அடியிலா என்று பாருங்கள், முன்னால் வாடகைக்கு எடுத்தவர் மாற்றி வைத்திருக்கலாம். அதிலேயே நீங்கள் இறங்கும் இடத்தின் உயரம், உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்ற அமைப்பும் இருந்தால் சரிபாருங்கள். பிறகு கூட இறங்குபவரிடம் கேஜைக் காட்டி வாய்விட்டுச் சொல்லுங்கள்: "என்னோடது பார். பாதி வந்தா நூறு, அதுக்கு இந்தச் சைகை. அம்பதுக்கு மூடின கை." அவரையும் அவருடையதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை முகமூடியை மாட்டாதீர்கள்.